ஆசீர்வாதம் கூறாத காலை ஆராதனை

கிளாஸ்கோ,
அக்டோபர் 14

கர்த்தருக்குள் பிரியமான அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

ஸ்தோத்திரம். நான் சுகமாயிருக்கிறேன், மருத்துவமனையில் இரவுப் பணி இந்த வாரத்தோடு முடிகிறது. வாலிபர்கள் கோயிலுக்கு வருவது குறைந்துவிட்டதால், புது ஒலிபெருக்கி செட்டும் பெரிய எல்இடி திரையும் வாங்கச் சபைக் கமிட்டியில் பேச்சு நடப்பதாக எழுதி, அங்கே எப்படி என்று கேட்டிருந்தீர்கள். இங்கே நிலைமை நம்மூரைவிட மோசம். நான் போகிற ஸ்காட்லாந்து திருச்சபைக் கோயிலில் 800 பேர் உட்காரலாம்; ஞாயிறன்று 60 பேர் வந்தால் அதிகம். பக்கத்துச் சபைகள் இரண்டை இதனோடு இணைத்து, அவற்றின் கட்டடங்களை விற்பனைக்கு விட்டுவிட்டார்கள்.

ஆனாலும் அந்த 60 பேரும் விடாமல் வருவது ஏன் என்று எனக்கு முதல் திருவிருந்திலேயே கொஞ்சம் புரிந்தது. இங்கே யாரும் பீடத்தண்டை போய் முழங்கால்படியிடுவதில்லை. மூப்பர்கள் அப்பத்தட்டையும், திராட்சரசம் ஊற்றிய சிறு கண்ணாடிக் கிண்ணங்கள் அடுக்கிய தட்டையும் இருக்கைகளுக்கே கொண்டுவருகிறார்கள். பக்கத்தில் இருப்பவர் நம்மிடம் நீட்ட, நாம் அடுத்தவரிடம் நீட்ட வேண்டும். அன்று எனக்குப் பக்கத்திலிருந்த பாட்டிக்குக் கைநடுக்கம். தட்டை நான் பிடித்துக்கொள்ள, அவர் ஒரு துண்டு அப்பத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஊரைவிட்டு வந்த எட்டு மாதத்தில் ஒருவர் என் கையில் உணவு வைத்தது அன்றுதான்.

ஆராதனையில் ஒருவருக்கொருவர் சமாதானம் கூறும்போது இவர்கள் இடத்தைவிட்டு எழுந்து நடந்துபோய்க் கைகொடுக்கிறார்கள். "இதில் உங்கள் திருச்சபைக்கும் பங்குண்டு, தெரியுமா?" என்று போதகர் கேட்டபோது நான் விழித்தேன். 1947-இல் உருவான நம் தென்னிந்தியத் திருச்சபை 1950-இல் வெளியிட்ட திருவிருந்து ஆராதனை முறையில், கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடம் இருந்த, கையிலிருந்து கைக்குச் சமாதானத்தைக் கடத்தும் வழக்கத்தைச் சேர்த்துக்கொண்டது. பிற்பாடு மேல்நாட்டுச் சபைகள் தங்கள் ஆராதனை முறைகளைத் திருத்தியபோது அது அவர்களுக்கு ஒரு முன்மாதிரியாக இருந்ததாம். நாமோ இருந்த இடத்திலேயே கைகூப்பிவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம்!

பாட்டைப் பற்றி எழுதினால் தனிக் கடிதமாகிவிடும். ஆர்கன் பழுதான ஒரு ஞாயிறு, 1650-ஆம் ஆண்டுச் சங்கீதப் பாட்டுப் புத்தகத்திலுள்ள 23-ஆம் சங்கீதத்தை இசைக்கருவி ஏதுமின்றி நான்கு குரலில் பாடினார்கள் என்பதோடு விடுகிறேன்.

செப்டம்பரில் விடுப்பு எடுத்து அயோனா தீவுக்குப் போய்வந்தேன். ஓபன் துறைமுகம் வரை ரயில், மல் தீவுக்குக் கப்பல், அதன் குறுக்கே பேருந்து, மறுபடியும் ஒரு படகு. கொலும்பா என்ற துறவி 563-இல் அயர்லாந்திலிருந்து வந்து மடம் அமைத்த இடம் அது. இதே கிளாஸ்கோவில், கப்பல் கட்டும் தொழில் படுத்துவிட்ட கோவன் பகுதியில் போதகராயிருந்த ஜார்ஜ் மெக்லியோட், 1938-இல் வேலையற்ற கைவினைஞர்களையும் குருத்துவப் பயிற்சி பெற்ற இளைஞர்களையும் அங்கே அழைத்துப்போய், பிற்காலத்தில் எழும்பி இடிந்து கிடந்த மடத்துக் கட்டடங்களைத் திரும்பக் கட்டத் தொடங்கினார். கொத்தர் சொன்னபடி போதகர் கல் சுமந்தார்.

இன்றும் அங்கே தங்குகிறவர்களுக்கு ஆளுக்கொரு வேலை உண்டு. எனக்குக் கேரட் நறுக்கும் வேலை. எதிரே வெங்காயம் உரித்த பதினாறு வயதுப் பையன், அம்மா இழுத்துவந்ததால்தான் வந்தேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டான். மூன்றாம் நாள் மாலை, சமையல் துண்டைத் தோளில் போட்டபடியே ஆராதனைக்கு வந்து கடைசி வரிசையில் நின்றான். அங்கே காலை ஆராதனையின் முடிவில் ஆசீர்வாதம் கூறுவதில்லை. நின்றபடியே நேராக வேலைக்குப் போகிறோம்; அன்றைய வேலையும் ஆராதனையில் சேர்ந்ததே என்பது அவர்கள் எண்ணம்.

சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் நம் அசனப் பண்டிகைக்கு முந்தின இரவை நினைத்துக்கொண்டேன். விடிய விடியத் தேங்காய் துருவவும் காய் நறுக்கவும் வராத வாலிபனை நான் பார்த்ததில்லை. மறு ஞாயிறு அவர்களே கோயிலுக்கு வெளியே மோட்டார் சைக்கிள்மேல் உட்கார்ந்திருப்பார்கள், ஏனென்றால் உள்ளே அவர்களுக்கு வேலையில்லை. ஒலிபெருக்கி தேவைதான், அப்பா. பெண்கள் பக்கத்துக் கடைசி வரிசைக்குப் பிரசங்கம் கேட்பதே இல்லை. திரையைத்தான் நிறுத்திவையுங்கள். கைப்பிடி அரிசிக் காணிக்கையை வீடுவீடாகச் சேர்த்து, நடக்கமுடியாத முதியவர்களின் வீட்டுக்குக் கொண்டுபோகும் பொறுப்பை வாலிபரிடமே விட்டுப் பார்க்கலாம். சேகரகுருவிடம் நீங்களே பேசுங்கள். நான் எழுதியதாகச் சொல்ல வேண்டாம்.

இங்கே ஆராதனை முடிந்ததும் ஹாலில் எல்லாருக்கும் சூப்பும் ரொட்டியும் உண்டு. மாதக் கடைசி ஞாயிறு என் முறை. பருப்பு சூப்பை எல்லாரும் வைத்தாகிவிட்டதால், நான் ரசம் வைப்பதாக ஒப்புக்கொண்டுவிட்டேன். 60 பேருக்குப் புளி எவ்வளவு, மிளகு எவ்வளவு என்று அம்மாவிடம் கேட்டு உடனே எழுதுங்கள். காரம் பாதி போதும்.

உங்கள் அன்பு மகள்