ரேசர் எரிச்சலுக்குப் போர் தண்ணீரும் காரணம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இரு பக்கமும் கூருள்ள ஒற்றை பிளேடை மாட்டி முடுக்கும் சேப்டி ரேசரில் சவரம் செய்வது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த குறிப்பு பயனுள்ளதுதான். ஆனால் முகம் எரிந்தால் விலை கூடிய பிளேடுக்கு மாறுங்கள் என்று அதில் சொல்லியிருப்பது, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து வாசகர்களுக்கு வீண் செலவு. இந்தப் பக்கத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது போர் தண்ணீரை. அடுத்தது, கை கொடுக்கும் அழுத்தம். பிளேடு மூன்றாவதுதான்.

பாலாற்றங்கரை ஊர்களின் போர் தண்ணீரில் கால்சியம், மெக்னீசிய உப்புகள் அதிகம். சேவிங் சோப்பின் அடிப்படை, கொழுப்பு அமிலங்களின் பொட்டாசிய, சோடிய உப்புகள். இப்படி உப்பு மிகுந்த கடின நீரில் பொட்டாசியம் இருந்த இடத்தைக் கால்சியம் பிடித்துக்கொள்ள, கரையாத வெள்ளைப் பிசுக்கு உண்டாகிறது. நுரை எழுந்தாலும் கன்னத்தில் பூசி முடிப்பதற்குள் அடங்கிவிடும். அதற்குமேல் பிளேடு வழுக்காது, சுரண்டும். சோதிப்பது சுலபம். சின்ன பாட்டிலில் பாதி தண்ணீர் விட்டு, சோப்பைக் கொஞ்சம் சீவிப் போட்டு, மூடிக் குலுக்குங்கள். மேலே நுரை நிற்காமல் தண்ணீர் கலங்கித் துணுக்குகள் மிதந்தால் அந்தத் தண்ணீர் சவரத்துக்கு ஆகாது. காய்ச்சினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பைகார்பனேட்டால் வந்த கடினம் மட்டுமே காய்ச்சினால் போகும். குளோரைடு, சல்பேட்டால் வந்தது அப்படியே இருக்கும். நுரைக்கு மட்டும் அரை டம்ளர் கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ எடுத்துக்கொண்டால் போதும். முகம் கழுவ, ரேசர் அலச, குழாய்த் தண்ணீரே போதும். காவிரி கூட்டுக் குடிநீர் வருகிற தெருக்காரர்கள் அதையே குலுக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

முடி தண்ணீரில் ஊற இரண்டு மூன்று நிமிடம் வேண்டும். குளித்த கையோடு சவரம் செய்வது அதனால்தான் நல்லது. பன்றி முடி பிரஷ் என்றால் அதையும் முன்கூட்டியே ஊறவைக்க வேண்டும். செயற்கை இழை பிரஷுக்குத் தேவையில்லை. பாதாம் பருப்பு அளவு கிரீமில் அரை அரை டீஸ்பூனாகத் தண்ணீர் விட்டு, ஒன்றிரண்டு நிமிடம் சுழற்றுங்கள். குமிழி தெரிந்தால் காற்று ஏறிவிட்டது, காய்ந்த பசைபோல் ஒட்டினால் தண்ணீர் போதவில்லை. கெட்டித் தயிர் பதத்தில் பளபளப்பாக நிற்க வேண்டும்.

பிளேடு மாட்டும்போது அதன் குறுகிய இரு முனைகளை மட்டும் பிடியுங்கள். மேல் மூடி, பிளேடு, அடித்தட்டு மூன்றையும் சேர்த்துத் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை முடுக்க வேண்டும். முடுக்கிய பின் பக்கவாட்டில் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: இரண்டு பக்கமும் பிளேடு ஒரே அளவு வெளியே தெரிய வேண்டும். ஒரு பக்கம் கூடுதலாக நீட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் வெட்டும், மறுபக்கம் முடியையே தொடாது. ஒரு கன்னத்தில் மட்டும் ரத்தம் வருகிறது என்பவர்களில் பலருக்கு விஷயம் இவ்வளவுதான்.

இனி கோணம். ரேசரின் மேல் மூடி கன்னத்தில் படுகிற மாதிரி வைத்தால் கைப்பிடி தோலுக்குச் செங்குத்தாக நிற்கும். அங்கிருந்து கைப்பிடியை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டே இழுங்கள். எந்த இடத்தில் 'சரசர' என்று முடி அறுபடும் சத்தம் கேட்கிறதோ, அங்கே நிறுத்துங்கள். பிளேடுக்கும் தோலுக்கும் அப்போது ஏறக்குறைய 30 டிகிரி இருக்கும். அதே கோணம் தாடை வளைவிலும் மாறாமல் இருக்க வேண்டும், மணிக்கட்டை மடக்கக் கூடாது. கைப்பிடியின் நுனிப் பக்கம் மூன்று விரலால் பிடித்தால் அழுத்தவே முடியாது. ரேசரின் எடையே வேலையைச் செய்துவிடும். பல பிளேடு கார்ட்ரிட்ஜ் பழகியவர்கள் தவறுவது இங்கேதான். அதன் தலை தானாகத் திரும்பிக்கொடுக்கும், அழுத்தினாலும் தாங்கும். சேப்டி ரேசரில் அழுத்தினால் அடித்தட்டுக்கும் பிளேடுக்கும் இடையில் தோல் உப்பி, மேல்தோலும் சேர்ந்து சீவப்படும். எரிச்சல் என்பது அதுதான். ஓர் இழுப்பு இரண்டு, மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம்.

தோலை இழுத்துப் பிடிக்கும் கையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அடுத்த முறை சலூனுக்குப் போனால் சவரம் செய்பவரின் கத்தி பிடித்த கையை விட்டுவிட்டு இன்னொரு கையைக் கவனியுங்கள். காதுக்குக் கீழே வைத்து மேலே இழுப்பார், தாடை விளிம்பு சமமாகிவிடும். குரல்வளை மேட்டில் தோலை ஒரு பக்கமாக நகர்த்தித் தட்டையான இடத்துக்குக் கொண்டுவந்து மழிப்பார். அந்த வித்தையை வீட்டில் கண்ணாடி முன்னால் செய்யலாம். ஆனால் அளவுக்கு மீறி இழுத்தால், அறுபட்ட முடி தோலுக்குள் போய்ப் பதுங்கும். சுருட்டை முடிக்காரர்களுக்கு அது உள்ளேயே வளைந்து கொப்புளமாகும்.

இரண்டு நாள் தாடியை விரலால் தடவிப் பார்த்தால் முடி போகும் திசை தெரியும். கன்னத்தில் பெரும்பாலும் கீழ்நோக்கி. கழுத்தில் மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ, சிலருக்குச் சுழியாகவோ இருக்கும். முதல் முறை முடியின் போக்கில். மறுபடி நுரை பூசி, இரண்டாம் முறை குறுக்கே. எதிர்த் திசையில் மழித்தால்தான் வழவழப்பு என்பார்கள், கொப்புளம் வருகிறவர்கள் இரண்டோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

முடித்ததும் ஈரமான படிகாரத்தைத் தேய்த்து, அரை நிமிடம் கழித்துக் கழுவுங்கள். எங்கே காந்துகிறதோ அங்கே அழுத்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஆஃப்டர் ஷேவ் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது. அக்னி நட்சத்திர நாட்களில் காலையில் மழித்துவிட்டு வெயிலில் இறங்கினால் வியர்வை உப்பு பட்டு எரியும், இரவிலேயே முடித்துவிடலாம்.

பிளேடு மூன்று முதல் ஐந்து சவரம் வரை வரும். எஃகு முடியைவிட 50 மடங்கு கடினமானது, இருந்தும் மழுங்குகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, முடி வளையும்போது விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயர்கிறது. முடியைப் பிடுங்குவதுபோல் இழுத்தால் உடனே மாற்றுங்கள். ஒரு டீ காசில் இரண்டு பிளேடு வரும். துண்டால் துடைத்துக் கூர் காப்பாற்ற முயல வேண்டாம். விளிம்பின் மேல்பூச்சுதான் போகும்.

பழைய பிளேடைத் தாளில் மடித்துக் குப்பையில் போடும் வழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. குப்பை பிரிக்கிற தூய்மைப் பணியாளரின் விரல்தான் அதில் வெட்டுப்படுகிறது. பவுடர் டப்பாவிலோ தகர டப்பாவிலோ ஒரு கீறல் போட்டு அதற்குள் தள்ளிவிடலாம், வருடக்கணக்கில் நிறையாது. நிறைந்தால் கீறலை டேப்பால் ஒட்டி, உள்ளே பிளேடு என்று மேலே எழுதி, தனியாக அவர் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.