தம்பியைப் புழல் சிறையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தவர்களுக்கு

வணக்கம்.

என் தம்பி ஜாமீனில் வீட்டுக்கு வந்துவிட்டான். அதற்காக அலைந்தவர்களில் பலர் எங்களுக்குச் சொந்தமும் இல்லை, முன்பின் தெரிந்தவர்களும் இல்லை. நேரில் போய்க் கும்பிட்டபோது, "இது எங்க வேலைம்மா, போய்ப் பொழப்பைப் பாருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வேலைதான். ஆனால் அதை எப்படிச் செய்தார்கள் என்பது நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்று அம்மா சொன்னார். அவருக்காகவும் எனக்காகவும் இதை எழுதுகிறேன்.

வழக்கு இன்னும் நடப்பதால் அன்றிரவு என்ன நடந்தது என்பதற்குள் போகவில்லை. தம்பி காசிமேட்டில் ஐஸ் ஏற்றி இறக்குகிறவன். அம்மா கூடையில் மீன் விற்கிறார். நான் வண்ணாரப்பேட்டையில் துணிக்கடையில் நிற்கிறேன். அப்பா இல்லை. தம்பியைப் பிடித்துக்கொண்டு போன மறுநாள், தெரிந்தவர் மூலமாகப் பார்த்த ஒரு வக்கீல் முன்பணமாகக் கேட்ட தொகையைக் கேட்டு அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். காதில் போட்டிருந்த கம்மலைக் கழற்றத் தொடங்கியதும் அங்கேதான்.

அந்தக் கம்மல் இன்றைக்கும் அம்மா காதில் இருக்கிறது. அதற்கு முதல் காரணம், தம்பியைக் காவலில் வைக்க உத்தரவு வாங்க, அதாவது ரிமாண்டுக்கு, கொண்டுபோனபோது அவனிடம் "உனக்கு வக்கீல் இருக்கிறாரா? இல்லையென்றால் அரசு செலவில் வைத்துத் தரலாம், வேண்டுமா?" என்று நிதானமாகக் கேட்ட மாஜிஸ்திரேட் அவர்கள். தம்பி தலையை மட்டும் ஆட்டினானாம். அது போதுமாக இருந்தது. அங்கேயே இலவச சட்ட உதவி வக்கீல் ஒருவரை நியமித்தார்கள். அப்படிக் கேட்பது மாஜிஸ்திரேட்டின் கடமை என்று 1981-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதை மேடம் பிறகுதான் எங்களுக்குச் சொன்னார். பீகார் சிறைகளில் வக்கீல் இல்லாமலே வருடக்கணக்கில் கிடந்தவர்களின் வழக்குகளிலிருந்து பிறந்த உரிமையாம் இது. யாரோ முகம் தெரியாதவர்கள் பட்ட பாடு எங்கள் வீட்டுக்கு உதவியிருக்கிறது. அவர்களையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

மேடம் என்று நான் சொல்வது அந்த வக்கீலைத்தான். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கட்சிக்காரரிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது என்பது விதி. டீ வாங்கித் தருகிறேன் என்றதற்கும் மறுத்துவிட்டு, அவர் காசில் அம்மாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். எங்கள் தெருவில் "கவர்மெண்ட் வக்கீல் சும்மா வந்து நிப்பாங்க, கேஸ் நடத்த மாட்டாங்க" என்று பலர் சொன்னார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வக்காலத்தில் கையெழுத்து வாங்க மேடமே புழலுக்குப் போனார். தம்பியிடம் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். அவனுக்கு வீசிங் இருக்கிறது என்பதை ஸ்டான்லி ஆஸ்பத்திரிச் சீட்டோடு ஜாமீன் மனுவில் சேர்த்தார். காசு கொடுத்து வைத்த வக்கீல் இதற்கு மேல் என்ன செய்திருப்பார்?

ஜாமீனும் கிடைத்தது. ஆனால் அதற்கப்புறமும் தம்பி உள்ளேதான் இருந்தான். எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் நடப்பது இது, வெளியே யாரும் பேசுவதில்லை. இரண்டு பேர் ஜாமீன்தாரராக வர வேண்டும், அதில் ஒருவர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டும் என்று உத்தரவு. அப்பாவோடு துறைமுகத்தில் வேலை பார்த்த மாமா, கேட்ட மாத்திரத்தில் கொருக்குப்பேட்டை வீட்டு வரி ரசீதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அம்மாவையும் என்னையும் விட்டால் ரத்த சொந்தம் என்று எங்களுக்கு இருப்பது அத்தை ஒருவர்தான். அவர் குடும்பத்தைக் கரையோரத்திலிருந்து எடுத்துப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். ஆதாரில் புது முகவரி, ரேஷன் கார்டில் பழைய முகவரி. வீடு அரசு வாரியத்துடையது, அவர் பெயரில் பத்திரம் கிடையாது. அதனால் அவருடைய ஜாமீன் பேப்பர் திரும்பி வந்துவிட்டது. குடிசையை இடித்து அனுப்பியவர்கள் முகவரி மாற்றத்தையும் சேர்த்துச் செய்து கொடுத்திருந்தால் என் அத்தை கோர்ட் வராந்தாவில் அழுதிருக்க மாட்டார்.

அந்த நேரத்தில்தான் ஒருவர் பக்கத்தில் வந்து, பணம் கொடுத்தால் கையெழுத்துப் போட ஆள் தருகிறேன் என்றார். அம்மா மறுபடி கம்மலைத் தொட்டார். அவரைத் தடுத்தது, இலவச சட்ட உதவி தரும் அரசு அமைப்பான சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலர் அக்கா. "பொய் ஜாமீன் வச்சா நாளைக்கு உங்க மேலயும் கேஸ் வரும், நேர் வழி இருக்கும்மா" என்று கையைப் பிடித்து அழைத்துப்போய் உட்கார வைத்தார். அக்காவும் வியாசர்பாடிக்காரர்தான், வக்கீலுக்குப் படித்தவர் இல்லை. பயிற்சி எடுத்துக்கொண்டு இந்த வேலைக்கு வந்தவர். எங்கள் பேச்சு அவருக்கும், அவர் பேச்சு எங்களுக்கும் புரிந்தது. அத்தையோடு பஸ் ஏறி, முகவரிக்கான சான்றுக்கு அலைந்தவர் அவர். அத்தை அவரைத் தன் மகள் என்றே சொல்கிறார்.

மேடம் நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு மனுப் போட்டார். 1978-இல் மோதிராம் என்ற கொத்தனாருக்கு நடந்ததை அப்போது எங்களுக்குச் சொன்னார். பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்களாம். அவருடைய அண்ணனோ தம்பியோ முன்வந்தபோது வேறு மாவட்டத்துக்காரர் என்று ஏற்க மறுத்தார்களாம். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதைத் தள்ளிவிட்டு, ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணையில், அதாவது அவர் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, விடச் சொன்னார். ஜாமீன் உத்தரவு வந்தும் ஆள் வெளியே வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் விரிவாகச் சொல்லியிருக்கிறது. ஏழு நாளில் விடுதலை ஆகாவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் பிணை கொடுக்க முடியாவிட்டால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைப் பார்க்கலாம். மேடம் அதையெல்லாம் எடுத்து வைத்தார். வீட்டுப் பத்திரம் இல்லாமலே அத்தையின் ரேஷன் கார்டையும் ஆதாரையும் ஏற்றுக்கொண்டார்கள்.

அத்தை, மாமா, உங்கள் இருவருக்கும் தனியாகச் சொல்கிறேன். ஜாமீன்தாரர் என்றால் தம்பி வராத ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். அது தெரிந்துதான் கையெழுத்துப் போட்டீர்கள். அவன் ஒரு வாய்தாகூடத் தவற மாட்டான், அதற்கு நான் பொறுப்பு.

இன்னும் சிலர் இருக்கிறார்கள். சிறைக்குள் இருக்கும் சட்ட உதவி மையத்தில் தம்பிக்கு மனு எழுதிக் கொடுத்தவர். அம்மாவால் நிற்க முடியாதபோது சிறையில் இருப்பவரைப் பார்க்க மனுப் போட்டு நிற்கும் வரிசையில் இடம் விட்ட அம்மாக்கள். ஜெராக்ஸ் கடைக்காரர். லீவு கேட்டபோதெல்லாம் முகம் சுளிக்காத என் கடை சூப்பர்வைசர் அண்ணன். எல்லோருக்கும் நன்றி.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு விஷயம். காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கும் அப்படியே. கிரிமினல் கேஸுக்கு மட்டும் இல்லை, ஜீவனாம்சம், வீட்டுத் தகராறு, கூலிப் பாக்கி எல்லாவற்றுக்கும் கேட்கலாம். கூப்பிட வேண்டிய எண் 15100. மாநில ஆணைக்குழுவின் அலுவலகம் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. இந்த எண்ணை ஒவ்வொரு ரேஷன் கடைச் சுவரிலும் எழுதி வைக்க வேண்டும் என்பது என் ஆசை. எங்கள் தெரு ரேஷன் கடையில் கேட்டிருக்கிறேன், பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். அதுவரை, தனியாகப் போகத் தயங்குகிறவர்கள் எங்கள் வீட்டில் சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு, கூட வருகிறேன்.