எங்கள் சிறுநீரின் முடிவை எங்களுக்கும் சொல்லுங்கள்

சிறுநீரக நோய் ஆய்வுக்காக எங்கள் கிராமங்களில் மாதிரி சேகரித்த ஆய்வாளர்களுக்கும், அதற்கு ஒப்புதல் வழங்கிய அறநெறிக் குழுவினருக்கும்,

மதிப்புக்குரியவர்களே,

தொண்ணூறுகளில் இலங்கையின் மதவாச்சி, பதவியாப் பகுதிகளில் கவனத்துக்கு வந்து வவுனியா வரை பரவலாகக் காணப்படும், காரணம் இன்னும் உறுதியாகத் தெரியாத இந்தச் சிறுநீரக நோயைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என் வேண்டுகோள் ஒன்றுதான்: எடுத்த மாதிரியின் முடிவை, கொடுத்தவருக்கே, அவருக்கு விளங்கும் மொழியில் அறியத்தாருங்கள்.

ஆறு ஆண்டுகளுக்கு முன்னர் என் அப்பா வயலுக்குப் போகாமல், பாடசாலை மண்டபத்தில் வெறும் வயிற்றோடு வரிசையில் நின்று, குருதியும் சிறுநீரும் ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணீரும் கொடுத்தார். அதன் பிறகு எவரும் வரவில்லை. சென்ற மாசியில் கால்கள் வீங்கி வைத்தியசாலைக்குப் போனபோதுதான், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேற்றினின் குருதியில் எவ்வளவு ஏறியிருந்தது என்பது தெரிந்தது. இப்போது வாரத்துக்கு இரண்டு தடவை டயலிசிஸ்.

உங்கள் ஆய்வுக் கட்டுரையைத் தேடி வாசித்தேன். சிறுநீரகத்தின் சிறுகுழாய்க் கலங்கள் காயப்படும்போது கிம்-1 என்ற புரதம் சிறுநீரில் கூடுகிறது. காயம் ஆறாவிட்டால் அழற்சிக் கலங்கள் வந்து குவிந்து, இழையம் நாராக இறுகுகிறது. சிறுநீரகத்தின் ஏறக்குறையப் பாதித் திறன் போன பிறகே கிரியேற்றினின் ஏறுகிறது. தொடக்கத்தில் சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் பெரிதாகத் தென்படாததால் சாதாரணப் பரிசோதனையில் நோய் பிடிபடுவதுமில்லை. அழகாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் ஊர்க்காரரின் கிம்-1 அளவுகளை ஒரு வரைபடத்தில் புள்ளிகளாக இட்டிருந்தீர்கள். அவற்றில் ஒன்று என் அப்பா. எது என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

நோயை உறுதிப்படுத்த அந்த அளவு மட்டும் போதாது என்று நீங்கள் சொல்லக்கூடும். அதையே சொல்லியிருக்கலாமே. “உறுதியில்லை, ஆனாலும் கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்கள், வலி மாத்திரைகளைத் தவிருங்கள்” என்று ஒரு துண்டுக் கடிதம் வந்திருந்தால், நாற்று நட்டு வந்த ஒவ்வொரு மாலையும் இடுப்பு வலிக்கு அவர் விழுங்கிய மாத்திரைகளையாவது நிறுத்தியிருப்போம். சிறுநீரகத்துக்கு அவை ஆகாதவை என்று உங்கள் துறையில் அறியாதவர் இல்லை.

நோய்க்குக் காரணம் கட்மியம் என்ற உலோகம் என்று 2013இல் சொன்னார்கள். 2015இல் கிளைபோசேற்று என்ற களைகொல்லியைத் தடை செய்தார்கள். வேறு சிலர் வன்நீர், புளோரைட்டு, வெயிலும் நீரிழப்பும் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் எங்கள் ஊர் வானொலியில் கேட்டுத்தான் அறிந்தது. தண்ணீர் சுத்திகரிக்கும் நிலையத்தைத் திறந்து வைக்க அரசியல்வாதிகளுக்கு மட்டும் எங்கள் ஊருக்கு வழி தெரிந்திருக்கிறது. மன்னியுங்கள், நான் கேட்க வந்தது அதுவல்ல.

பெயர்ப் பட்டியல் உங்களிடம் இருக்கிறது. அன்று வரிசையில் நின்றவர்களில் பலர் இன்னும் வயலுக்குப் போகிறார்கள். ஆகவே, மாதிரி கொடுத்த ஒவ்வொருவருக்கும் அவரவர் முடிவைத் தமிழிலோ சிங்களத்திலோ எழுதி, அடுத்த போகத்துக்கு முன்னராவது அனுப்பி வைக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அப்பாவின் இலக்கச் சீட்டை அம்மா கிளினிக் கொப்பிக்குள் இன்னும் வைத்திருக்கிறார். தேவையானால் பிரதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மாதிரி கொடுத்த ஒருவரின் மகள்