பிளாஸ்டிக் உடன்படிக்கைப் பிரதிநிதிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பிரதிநிதிகளே,

வணக்கம். 2025 ஆகஸ்ட் 15 அன்று ஜெனீவாவில், பிளாஸ்டிக் மாசைத் தடுக்கும் உலக உடன்படிக்கைக்கான ஐ.நா. பேச்சில், முடிவு எதுவும் எட்டாமல் நீங்கள் கலைந்த செய்தியைப் படித்த இரவே எழுத உட்கார்ந்தேன். அந்த மடலில் கோபம் மட்டும்தான் இருந்தது, கிழித்துப் போட்டுவிட்டேன். இது ஆறப்போட்டு எழுதியது.

நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2022 மார்ச்சில் நைரோபியில் தீர்மானம், 2024 முடிவதற்குள் உடன்படிக்கை என்ற இலக்கு. பிறகு புன்டா டெல் எஸ்டே, பாரிஸ், மறுபடியும் நைரோபி, ஒட்டாவா, பூசான், ஜெனீவா. இத்தனை ஊர்களில் கூடியும் கையெழுத்திட ஒரு தாள் இல்லை. நான் கேட்பது ஒன்றுதான்: புதிதாகத் தயாரிக்கும் பிளாஸ்டிக்குக்கு உச்சவரம்பு வையுங்கள்.

சில மாதங்களுக்கு முன் வீட்டுக்குப் பின்னால் ஒரு கன்று நடக் குழி தோண்டினேன். முழங்கை ஆழத்தில் கடப்பாரை நுனியில் ஒரு பிஸ்கட் உறை சிக்கியது. கழுவிப் பார்த்தேன். சிவப்பு அவ்வளவாக மங்கவில்லை. ஒரு மூலையில் யாரோ பல்லால் கடித்துப் பிரித்த தடம்கூட அப்படியே இருந்தது. காலாவதித் தேதி, 1997 ஆகஸ்ட். சில மாதங்களில் கெட்டுப்போகும் பண்டத்தைச் சுற்றிய உறை அது. அதே வீட்டில் மரப்பெட்டியில் நான் பூட்டி வைத்திருந்த என் அப்பாவின் கடிதங்களைக் கறையான் தின்றுவிட்டது. கடைசிக் கடிதத்தில் ‘அன்புள்ள’ என்பதும் என் பெயரில் பாதியும் மிஞ்சின. அன்று குழியை மூடாமலே உள்ளே வந்துவிட்டேன்.

மனித இனமும் ஒருநாள் இல்லாமல் போகும். எப்போது, எதனால் என்பது என் கவலை இல்லை. பின்னால் எதை விட்டுப்போகிறோம் என்பதுதான் உறுத்துகிறது. ஆள் இல்லாத வீட்டில் முதலில் கூரை ஒழுகும். வேர் சுவரைப் பிளக்கும். உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்துக் கான்கிரீட்டை வெடிக்கச் செய்யும். நூலகங்கள் அதற்கும் முன்பே மட்கிவிடும். வெளிச்சமும் காற்றும் எட்டாத சேற்றில் புதைந்த பிளாஸ்டிக்கை அரிக்க அங்கே எதுவும் இல்லை. வெயிலில் கிடப்பது நொறுங்கித் துகளாகிறது. அந்தத் துகளிலும் ஒரு பங்கு ஆற்றோடு போய்க் கடலடிச் சேற்றில் படிகிறது. சேறு இறுகிப் பாறையானால் அதற்குள் நம் காலம் ஒரு மெல்லிய வரியாகத் தெரியும். ஹவாய்த் தீவின் காமிலோ கடற்கரையில் உருகிய பிளாஸ்டிக்கோடு மணலும் பவளத்துண்டும் எரிமலைக் கல்லும் ஒட்டிக் கல்லாகவே கிடக்கின்றன. 2014-இல் ஆய்வாளர்கள் அதற்குப் ‘பிளாஸ்டிகுளோமரேட்’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

பிளாஸ்டிக்கோடு முடிந்துவிடுகிறதா? அணுகுண்டுச் சோதனைகள் தூவிய புளூட்டோனியம் என்ற கதிரியக்கப் பொருள் உலகெங்கும் மண்ணில் படிந்திருக்கிறது. அதில் பாதி சிதையவே சுமார் 24,000 ஆண்டுகள் ஆகும். இறைச்சிக்கென்று ஊதிப் பெருக்க வைத்த கோழிகளின் எலும்புகள் குப்பை மேடுகளில் குவிந்து கிடக்கின்றன. நிலவில் நடந்த பன்னிரண்டு பேரின் காலடித் தடங்களை அழிக்க அங்கே காற்றும் இல்லை, மழையும் இல்லை. அதை நினைக்கும்போது மட்டும் எனக்குப் பெருமை வருகிறது. மற்றவற்றுக்கு யாரிடம் போய் முறையிடுவது? எந்தக் கதவைத் தட்டினாலும் எங்கள் துறை இல்லை என்கிறார்கள். பொறுத்தருளுங்கள், புளூட்டோனியம் உங்கள் மேசையில் இல்லை. பிளாஸ்டிக் இருக்கிறது.

கழிவை ஒழுங்காகக் கையாண்டால் போதும், தயாரிப்பைத் தொடாதீர்கள் என்று உங்களில் சிலர் வாதிட்டீர்கள். 2015 வரை உலகம் தயாரித்தது சுமார் 830 கோடி டன். குப்பையானதில் மறுசுழற்சிக்குப் போனது 9 விழுக்காடு, எரித்தது 12 விழுக்காடு. மீதி முழுவதும் குப்பைக் கிடங்குகளிலும் மண்ணிலும் நீரிலும் கிடக்கிறது. அதன் மேல் ஆண்டுக்கு 40 கோடி டன்னுக்கும் அதிகமாகக் கொட்டிக்கொண்டு, எதை ஒழுங்காகக் கையாள்வீர்கள்? பிளாஸ்டிக்கின் முழு ஆயுட்காலத்தையும் கருதியே உடன்படிக்கை அமையும் என்று 2022 தீர்மானம் சொல்கிறது. ஆயுட்காலம் ஆலையில் தொடங்குகிறது, குப்பைத் தொட்டியில் அல்ல. பூசானில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் தயாரிப்பைக் குறைக்கும் இலக்கை ஆதரித்தன. ஒருமனதாக இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அத்தனை பேரின் குரலையும் எத்தனை முறை ஒத்திவைப்பீர்கள்?

குரல் உயர்ந்திருந்தால் மன்னியுங்கள். அடுத்த அமர்வு எங்கே கூடினாலும் உச்சவரம்பை முதல் நாளே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் இசையாவிட்டால் வாக்கெடுப்புக்கு விடுங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த உறை காய்ந்து என் மேசைமேல் இருக்கிறது. குப்பையில் போட்டால் மறுபடியும் மண்ணுக்குத்தான் போகும். எரிக்க மனம் வரவில்லை. அதை எங்கே போடுவது என்று நீங்களாவது சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் முடிவுக்காகக் காத்திருக்கும் ஒருவர்