மணிலாவுக்குப் போன சிப்பாய்களின் பெயர்களைத் தேடித் தாருங்கள்

தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

புனித ஜார்ஜ் கோட்டை ஆவணங்களில் ஒரு பகுதி, அன்று ஸ்பானியர் ஆண்டுவந்த பிலிப்பைன்ஸின் தலைநகர் மணிலாவைப் பற்றியது. 1762 முதல் 1764 வரை அந்த நகரம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் இருந்தபோது, அங்கிருந்த நிர்வாகக் குழு எழுதிவைத்த நடவடிக்கைக் குறிப்புகள் அவை. 1940களில் சென்னை மாகாண அரசே அவற்றை ஆங்கிலத்தில் அச்சிட்டு வெளியிட்டது. அந்தக் குறிப்புகளை மறுபடி ஒருமுறை வரிவரியாகப் பார்க்கச் சொல்லித்தான் இந்த மடல். ஏன் என்று புரிய, கைன்தா என்ற ஊரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

மணிலாவுக்குக் கிழக்கே, ரிசால் மாகாணத்தில் இருக்கிறது கைன்தா. ஸ்பானியர் வந்த புதிதில், 1572இல் எழுதப்பட்ட ஒரு குறிப்பில் அந்த ஊர் இப்படித் தெரிகிறது: ஏறக்குறைய ஆயிரம் பேர். சுற்றிலும் உயர்ந்து அடர்ந்த மூங்கில். மதிலும் அதில் சில சிறு பீரங்கிகளும். ஆற்றின் கிளை ஒன்று நடுவே ஓடி ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. பணிய மறுத்ததால் 1571இல் ஸ்பானியப் படை அந்த ஊரைத் தாக்கிப் பிடித்தது. பிறகு பாதிரிமார் வந்தார்கள், கல்லில் தேவாலயம் எழுந்தது, ஒளியின் அன்னை ஊருக்குக் காவல் தெய்வமானாள்.

இதற்கு இரண்டு நூற்றாண்டு கழித்துத்தான் நம் கரையிலிருந்து ஆட்கள் போய்ச் சேர்ந்தார்கள். வந்தவாசிப் போர் முடிந்து இரண்டரை ஆண்டு, புதுச்சேரி வீழ்ந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. தரைப்படைத் தளபதி வில்லியம் டிரேப்பரும் கடற்படைத் தளபதி சாமுவேல் கார்னிஷும் மணிலாவைப் பிடிக்க மெட்ராசிலிருந்து கப்பலேறியபோது, உடன் போனவர்களில் ஏறக்குறைய அறுநூறு பேர் சிப்பாய்கள். 1762 அக்டோபர் 6 அன்று மணிலா வீழ்ந்தது. ஆட்சி செய்ய அமர்ந்தவர் டாசன் டிரேக், மெட்ராஸ் கம்பெனி அதிகாரி. ஸ்பானியத் தரப்பில் சிமோன் தெ அந்தா என்ற அதிகாரி மணிலாவுக்கு வடக்கே உள்ள பம்பாங்கா மாகாணத்துக்குப் போய், அங்கிருந்து எதிர்ப்பை நடத்தினார். சில வாரங்களில் ஆங்கிலேயர் பாசிக் நகரையும் பிடித்து அங்கே படையை நிறுத்தினார்கள். பாசிக்குக்குப் பக்கத்து ஊர்தான் கைன்தா.

1764இல் கப்பல்கள் திரும்பின. எல்லாரும் ஏறவில்லை. படையை விட்டு விலகிய சிப்பாய்கள் சிலர் கைன்தாவிலும் சுற்றுப்புறத்திலும் தங்கி, உள்ளூர்ப் பெண்களை மணந்து, வயலில் இறங்கிப் பிழைத்தார்கள். தாயாப் என்ற பகுதியில் அவர்களின் வழித்தோன்றல்கள் இருப்பதாக ஊரார் இன்றும் சொல்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தப் பக்கம் போன பயணிகளும், இந்த ஊர்க்காரர்களின் நிறமும் முகவெட்டும் அக்கம்பக்கத்தாரிலிருந்து வேறுபடுவதைக் குறித்திருக்கிறார்கள்.

அவர்களின் பெயர்கள் மட்டும் அங்கே கிடைக்கவில்லை. மணம் முடிக்க ஞானஸ்நானம் பெற்றபோது பழைய பெயர் போயிற்று. 1849இல் கவர்னர் கிளாவேரியா, நிலையான குடும்பப்பெயர் இல்லாத குடிமக்கள் ஒரு பட்டியலிலிருந்து குடும்பப்பெயரை எடுத்துக்கொள்ள வேண்டுமென்று ஆணையிட்டார். தாத்தா பெயரில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவும் அப்போது உதிர்ந்திருக்கும். 1899இல் அமெரிக்கருடன் நடந்த போரில் தேவாலயம் எரிந்தது, அன்னையின் பழைய ஓவியமும் சாம்பலானது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் சுவர்கள் பாழாய் நின்று, 1960களில்தான் கோயில் மீண்டும் எழுந்தது. ஆக, அந்த முனையில் தேடிக் கண்டுபிடிக்க மிச்சமிருப்பது மிகக் குறைவு. இந்த முனையில் இருக்க வாய்ப்பிருக்கிறது. உங்களிடம்.

இங்கே நம்மவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கைன்தாவைப் பற்றிக் கேள்விப்பட்டதும் "பிலிப்பைன்ஸில் ஒரு தமிழ்க் கிராமம்" என்று எழுதத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். கர்நாடகப் போர்களின் காலத்தில் கம்பெனி சேர்த்த படையில் தமிழர், தெலுங்கர், தக்காண முஸ்லிம்கள் எனப் பலரும் இருந்தார்கள். தங்கிவிட்டவர்களில் யார் எந்த ஊர், எந்த மொழி என்பது ஆவணம் பேசினால்தான் தெரியும். அவர்கள் போனது இன்னொரு நாட்டைப் பிடிக்கும் படையில் என்பதையும் மறைக்கக் கூடாது. கைன்தா மக்கள் தகலாக் பேசும் கத்தோலிக்கர்கள், பிலிப்பினோக்கள். நம் பெருமைக்குச் சான்றாக அவர்களை நிறுத்துவது மரியாதை ஆகாது.

கரே-கரே என்ற குழம்பை இந்தச் சிப்பாய்களோடு சேர்த்துச் சொல்லும் கதையும் உண்டு. மாட்டுவாலை நெடுநேரம் வேகவைத்து, வேர்க்கடலை அரைத்து ஊற்றி, வாழைப்பூவும் கத்தரிக்காயும் காராமணிக்காயும் போட்டு இறக்குவார்கள். தொட்டுக்கொள்ள, புளிக்கவைத்த இறால் விழுது. அதில் மிளகாய் கிடையாது, மல்லி கிடையாது, புளியும் கிடையாது. பம்பாங்காக்காரர்கள் அது தங்கள் சமையல் என்பார்கள். கதை உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் ஒரு குழம்பை வைத்து வம்சம் எழுத முடியாது. கைன்தாவுக்கென்று ஊரறிந்த பண்டம் பிபிங்காதான்: அரிசி மாவைத் தேங்காய்ப்பாலில் கரைத்து, வாழையிலை விரித்த மண்சட்டியில் ஊற்றி, அடியிலும் மூடியின் மேலும் கனல் வைத்துச் சுட்டெடுப்பது. புனித வாரத்தில் ஏசுவின் பாடுகளைத் தெருவில் நடித்துக் காட்டும் செனாகுலோ, நம் ஊர்ப் பாஸ்கா நாடகத்தைப் போன்றது, அதற்கும் கைன்தா பேர்போனது.

அந்த வயல்கள் இப்போது இல்லை. ஊர் மணிலாவோடு ஒட்டிவிட்டது. மக்கள்தொகை மூன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. 2009 செப்டம்பர் 26 அன்று ஒண்டோய் புயல் மழையில் ஊரின் பெரும்பகுதி மூழ்கியது. வீட்டுப் பெட்டியில் இருக்கும் பழைய படமும் தாளும் அப்படிப்பட்ட வெள்ளத்துக்குத் தப்புவது அரிது. தாத்தா பாட்டி சொன்னதை நினைவில் வைத்திருப்பவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

மணிலாக் குறிப்புகளிலும், அதே ஆண்டுகளின் மெட்ராஸ் இராணுவக் குறிப்புகளிலும் சிப்பாய்களைப் பற்றி வரும் ஒவ்வொரு வரியையும் எடுத்து ஒரே இடத்தில் தொகுத்துத் தாருங்கள். சுபேதார், ஜமேதார் பெயர்கள், சம்பளக் கணக்கு, ஓடிப்போனவர், திரும்பாதவர் என்று எது கிடைத்தாலும் சரி. கட்டணமில்லாமல் யாரும் படிக்கும்படி இணையத்தில் வையுங்கள். தகலாக்கில் ஒரு சுருக்கமும் சேர்க்க ஏற்பாடு செய்யுங்கள். சாதாரணச் சிப்பாய்களின் பெயர் எங்குமே எழுதப்படவில்லை என்று தெரியவந்தால், அதையும் வெளிப்படையாக அறிவியுங்கள். எதிர்பார்த்துக் காத்திருப்பவர்களுக்கு அந்தப் பதிலும் தேவை.

தொகுப்பின் முதல் பிரதியைக் கைன்தா நகராட்சிக்கு அனுப்பிவிட்டு, பிறகு எங்களுக்குத் தாருங்கள். டிசம்பர் 1 அவர்களின் ஊர்த் திருவிழா. அடுத்த திருவிழாவுக்குள் ஒரு சில பக்கங்களாவது அங்கே போய்ச் சேரட்டும்.

நன்றியுடன்,
சென்னையிலிருந்து ஒரு வரலாற்று வாசகர்