குளிர் வந்ததும் அடுப்பேறும் சட்டி

கொலம்பஸ், ஒஹாயோ
நவம்பர் 9

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் இங்கே குளிர் வந்துவிட்டது. குளிர் வந்தால் தோட்டத்துக் குழாயை அடைக்க வேண்டும், தொட்டிச் செடிகளை உள்ளே எடுத்து வைக்க வேண்டும், உதிர்ந்த மேப்பிள் இலைகளை வாரிப் பையில் கட்ட வேண்டும். இப்போதுதான் கை ஓய்ந்தது. அண்ணாச்சிக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது கேட்டு நிம்மதி. கொஞ்ச நாளைக்குக் குனிந்து எதையும் தூக்க விடாதே. அவர் சொன்னபடி கேட்கிறவர் இல்லை என்று எனக்குத் தெரியும், நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போன ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிவைத்தோம். அன்றிலிருந்து சாயங்காலம் ஐந்தரைக்கே இருட்டு. செவ்வாய் இரவு இந்த வருஷத்தின் முதல் உறைபனி விழுந்தது. காலையில் புல்லை மிதித்தால் முறுக்கு நொறுங்குகிற சத்தம். வீட்டுச் சூடேற்றி வருஷத்தில் முதல் தடவை ஓடும்போது உள்ளே படிந்த தூசி கருகி ஒரு வாசனை வரும். அந்த வாசனை வந்துவிட்டால் எங்கள் தெருவில் பாதி வீட்டில் சில்லிச் சட்டி அடுப்பேறிவிட்டது என்று அர்த்தம். நானும் நேற்று ஏற்றினேன். அதனால் நீ கேட்ட கேள்விக்குச் சரியான நேரத்தில்தான் பதில் எழுதுகிறேன்.

“சின்னவள் ஏதோ சில்லி சாப்பிட்டாளாம். நூடுல்ஸ் மேல் ஊற்றி, சீஸைத் துருவிப் போட்டு, பட்டை வாசனையோடு இருந்ததாம். சில்லி என்றால் மிளகாய்தானே, மிளகாயையா சாப்பாடாகச் சாப்பிடுகிறார்கள்?” என்று கேட்டிருந்தாய். மிளகாய்தான் பெயர், ஏட்டி. முழுப்பெயர் சில்லி கோன் கார்னே. ஸ்பானிய மொழியில் இறைச்சி சேர்த்த மிளகாய் என்று பொருள். மிளகாய் வற்றலை ஊறவைத்து அரைத்து, அந்த விழுதில் இறைச்சித் துண்டுகளை மணிக்கணக்கில் வேகவைத்துக் கெட்டியாக இறக்குவது. டெக்சாஸில் சான் அன்டோனியோதான் அதற்குப் பேர்போன ஊர். சின்னவள் சாப்பிட்டது அதன் சின்சினாட்டி வகை, அவள் படிக்கிற ஊருடையது, அது தனி வழி. 1922-இல் மாசிடோனியாவிலிருந்து வந்த கிராஜெஃப் சகோதரர்கள் அங்கே ஒரு சின்னக் கடை போட்டு, தங்கள் ஊர்க் குழம்பின் பட்டை, கிராம்பு வாசனையோடு சில்லி செய்து ஸ்பகெட்டி மேல் ஊற்றிக் கொடுத்தார்கள். ஸ்பகெட்டி, சில்லி, சீஸ் சேர்ந்தால் த்ரீ-வே. வெங்காயமோ பீன்ஸோ கூடினால் ஃபோர்-வே, இரண்டும் இருந்தால் ஃபைவ்-வே. கடையில் அப்படித்தான் கேட்க வேண்டும். எனக்கு அது பிடிக்கும். ஆனால் அது கடையில் சாப்பிடுகிற சாப்பாடு. வீட்டில் செய்வதென்றால் நான் சான் அன்டோனியோ பக்கம்தான்.

ஏனென்றால் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அந்த ஊர்க்காரர். பக்கத்து வீட்டு அம்மாவைப் பற்றி முன்னால் எழுதியிருக்கிறேன் இல்லையா, அவர்தான். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த முதல் குளிர்காலம் உனக்கு நினைவிருக்கும். தினமும் உனக்குக் கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன் என்று அப்புறம் சொன்னேனே, அந்த வருஷம். இவர் வேலைக்குப் போனால் ராத்திரிதான் வருவார். வெளியே பனி, உள்ளே நான், ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. ஒரு மத்தியானம் கதவு தட்டும் சத்தம். திறந்தால் இரண்டு கையிலும் துணி சுற்றிக்கொண்டு ஒரு இரும்புச் சட்டியைப் பிடித்தபடி அந்த அம்மா. “இது குறைவாகச் செய்ய வராது, நாங்கள் இரண்டே பேர், நீ எடுத்துக்கொள்” என்றார். மூடியைத் திறந்ததும் வற்றல் வறுத்த வாசனையும் சீரக வாசனையும் சேர்ந்து வந்தன. வந்து நாலு மாதத்தில் என் வீட்டுக்குள் அப்படி ஒரு வாசனை வந்தது அன்றைக்குத்தான். நின்றபடியே ஒரு கரண்டி வாயில் போட்டேன். காரம் நாம் நினைக்கிற காரம் இல்லை. உலர்ந்த திராட்சையும் புகையும் கலந்த மாதிரி ஒரு கருஞ்சிவப்பு ருசி, காரம் அதற்கு அடியில் எங்கேயோ இருந்தது.

அவருடைய அம்மா சிறுமியாக இருந்தபோது சான் அன்டோனியோவின் சதுக்கங்களில் சாயங்காலமானால் சில்லி விற்கும் பெண்கள் வருவார்களாம். ‘சில்லி ராணிகள்’ என்று ஊர் அவர்களைக் கூப்பிட்டது. மெக்சிகோ வழி வந்த பெண்கள். வீட்டில் சமைத்த சட்டியை வண்டியில் ஏற்றி வந்து, விறகுக் கனலில் சூடு ஆறாமல் வைத்து, விளக்கடியில் நீளப் பலகை போட்டுக் கிண்ணம் கிண்ணமாக ஊற்றிக் கொடுப்பார்கள். 1880களிலேயே வெளியூர்க்காரர்கள் அதைப் பார்க்கவென்றே வந்திருக்கிறார்கள். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் சான் அன்டோனியோ சில்லிக்கென்று ஒரு கடையே இருந்தது. 1930களின் பிற்பகுதியில் சுகாதார விதிகளைக் காட்டி அந்தப் பெண்களைச் சதுக்கத்திலிருந்து அகற்றத் தொடங்கினார்கள், கொஞ்ச காலத்தில் அந்தக் கடைகளே இல்லாமல் போயின. 1977-இல் டெக்சாஸ் சட்டமன்றம் சில்லியை மாநில உணவாக அறிவித்தது. அதைச் சதுக்கத்தில் கொதிக்கவைத்துக் கொடுத்த பெண்கள் பலருக்கு வரலாற்றில் பெயர்கூட இல்லை. இதைச் சொல்லும்போது அந்த அம்மாவின் குரல் கட்டிக்கொள்ளும். எனக்கும் அது நியாயமான வருத்தமாகத்தான் படுகிறது.

சரி, செய்முறைக்கு வருகிறேன். சின்னவளுக்கு அப்படியே அனுப்பு.

முதல் விஷயம், கடையில் ‘சில்லி பவுடர்’ என்று பாட்டிலில் இருப்பது நம் மிளகாய்ப்பொடி அல்ல. மிளகாயோடு சீரகம், பூண்டு, ஓரிகானோ என்ற வாசனை இலை எல்லாம் கலந்த மசாலாப் பொடி அது. டெக்சாஸில் குடியேறிய வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியர் 1890களில் அதைப் பொடியாக்கி விற்றுப் பெயர் வாங்கினார். நான் முதல் தடவை தனியாகச் செய்தபோது, மூன்று மேசைக்கரண்டி என்று எழுதியிருந்ததைப் பார்த்து அம்மா ஊரிலிருந்து கொடுத்துவிட்ட மிளகாய்ப்பொடியை அளந்து கொட்டினேன். ஒரு கிலோ கறி போயிற்று. இவர் கண்ணில் தண்ணீரோடு இரண்டு வாய் சாப்பிட்டார், மூன்றாவது முடியவில்லை. சின்னவளிடமும் நீ கொடுத்தனுப்பிய பொடி இருக்கும். அதை இதில் போட வேண்டாம் என்று சொல்.

பொடியே வேண்டாம், வற்றல்தான் வாங்க வேண்டும். மெக்சிகோ மளிகைக் கடைகளில் பை பையாகத் தொங்கும். ஆஞ்ச்சோ என்பது போப்லானோ மிளகாயின் வற்றல். உள்ளங்கை அகலத்தில், கறுத்து, தோல் சுருங்கி இருக்கும். காரத்தை அளக்கிற ஸ்கோவில் கணக்கில் 1,000 முதல் 2,000 வரைதான், குழந்தைகூடத் தாங்கும். குவாஹீயோ நீளமாக, வழவழப்பாக, நல்ல சிவப்பாக இருக்கும். நிறம் கொடுப்பது அதுதான். சிப்போட்லே என்றால் பழுத்த ஹலப்பீனோ மிளகாயைப் புகை போட்டு உலர்த்தியது, அது ஒன்றே ஒன்று போதும். நான் போடுவது ஆஞ்ச்சோ நாலு, குவாஹீயோ மூன்று, சிப்போட்லே ஒன்று. காம்பும் விதையும் நீக்கி, கத்தரியால் கிழித்துத் தட்டையாக்கி, காய்ந்த இரும்புக் கல்லில் ஒவ்வொரு பக்கமும் அரை நிமிஷம் வைத்து அழுத்தணும். வற்றல் லேசாக உப்பி, நிறம் ஒரு சாயல் மாறி, வாசனை எழும்பும். அந்த நொடியில் எடுத்துவிட வேண்டும். கறுத்தால் சட்டி முழுவதும் கசக்கும். அப்புறம் வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து மிக்ஸியில் வெண்ணெய் போல அரைத்தால் விழுது தயார். ஊறிய தண்ணீரை முதலில் நாக்கில் வைத்துப் பார். கசப்பு இல்லாவிட்டால் அதையே ஊற்றி அரைக்கலாம்.

எங்கள் வீட்டில் மாட்டுத் தோள்கறி, ஒரு கிலோ, சுண்டுவிரல் நுனி அளவுத் துண்டுகள். கைமா போட மாட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுச் சிவக்க வறுத்து எடுத்து, அதே எண்ணெயில் வெங்காயம், நிறையப் பூண்டு, வறுத்துப் பொடித்த சீரகம், மெக்சிகோ ஓரிகானோ. அந்த ஓரிகானோவை உள்ளங்கையில் கசக்கினால் உன் வீட்டுக் கொல்லையில் இருக்கும் கற்பூரவல்லி ஞாபகம் வரும், அவ்வளவு கிட்டத்து வாசனை. விழுதைக் கொட்டி, எண்ணெய் பிரியும்வரை வதக்கி, கறியைத் திரும்பப் போட்டுத் தண்ணீர் ஊற்றிச் சிறு தீயில் இரண்டரை மணி நேரம். தோள்கறியில் இருக்கிற ஜவ்வு கரைந்து குழம்போடு சேர அத்தனை நேரம் வேண்டும். அதற்கு முன் எடுத்தால் ரப்பர். கடைசியில் இரண்டு கரண்டி மக்காச்சோள மாசா மாவைக் கரைத்து ஊற்றினால் கெட்டிப்படும். தக்காளி எனக்கு வேண்டாம். இங்கே ஒஹாயோவில் எல்லோரும் போடுகிறார்கள், போட்டால் ருசி புளிப்புப் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

உங்கள் வீட்டில் கறி கிடையாதே, சின்னவளுக்குப் பீன்ஸ்தான். பீன்ஸ் போட்டால் அது சில்லியே இல்லை என்று டெக்சாஸ்காரர்கள் சொல்வார்கள். பக்கத்து வீட்டு அம்மாவும் சொல்வார், ஆனால் என் சைவச் சிநேகிதிகளுக்கு என்று நான் செய்தால் இரண்டு கிண்ணம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். சிவப்பு ராஜ்மாவும் கறுப்பு பீன்ஸும் பாதிப் பாதி. கறிக்குப் பதில் காளானைப் பொடியாக நறுக்கி, தண்ணீர் சுண்டிச் சிவக்கும்வரை வதக்கிச் சேர்த்தால் அடர்த்தி வரும். பீன்ஸுக்குத் தக்காளி நன்றாகவே பொருந்தும், போடட்டும்.

இப்போது சொல்லப்போவதை அவளிடம் நீயே வாயால் சொல். இங்கே மாணவர்கள் பலரிடம் ஒரு ஸ்லோ குக்கர் இருக்கும், மணிக்கணக்கில் மெல்ல வேகவைக்கிற மின்சாரச் சட்டி. காலையில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விடுவார்கள். ராஜ்மாவை அதில் பச்சையாகப் போடவே கூடாது. பச்சை ராஜ்மாவில் லெக்டின் வகை நச்சு ஒன்று உண்டு, நன்றாகக் கொதித்தால்தான் அழியும். ஸ்லோ குக்கரின் மிதமான சூட்டில் அது குறைவதற்குப் பதில் கூடவும் செய்யும். சரியாக வேகாத நாலைந்து பயறு போதும், மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி ஆரம்பித்துவிடும். எங்களுக்கே ஒரு டிசம்பரில் நடந்தது. இரண்டு பேரும் ஒரு ராத்திரி முழுக்க எழுந்திருக்க முடியாமல் கிடந்தோம், காரணம் அப்புறம்தான் தெரிந்தது. குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிஷம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். அதற்குப் பிறகு எதில் வேண்டுமானாலும் போடலாம். நீ பெட்டியில் வைத்துக் கொடுத்த பிரஷர் குக்கரில் மெத்தென்று வேகவைத்தாலும் சரி. டப்பாவில் வருவது ஏற்கெனவே வெந்தது, பயமில்லை.

செய்த அன்றைக்கே எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட வேண்டாம். மறுநாள்தான் மிளகாயும் சீரகமும் ஒன்றுக்குள் ஒன்று இறங்கியிருக்கும். ஆனால் பெரிய சட்டியோடு ராத்திரி முழுக்க வெளியே வைக்கக் கூடாது. அகலமான பாத்திரங்களில் பிரித்து ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும்.

நேற்று நான் செய்தது எங்கள் சமையலறையில்தான், ஆனால் பக்கத்து வீட்டு அம்மாவைக் கைபிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்துக்கொண்டேன். போன மார்ச்சில் இடுப்பு எலும்பு முறிந்தது, இப்போது அதிக நேரம் நிற்க முடிவதில்லை. அவர் கணவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. வற்றலைக் கல்லில் வைத்ததும் எனக்கு முன்னாலேயே “எடு, எடு” என்றார். கண் சரியாகத் தெரிவதில்லை, மூக்கால் சொல்கிறார். இரண்டரை மணி நேரமும் நாற்காலியை விட்டு எழவில்லை. ஒரு தடவை கரண்டியில் எடுத்துக் கொடுத்தேன், வாயில் வைத்து, “இன்னும் அரை மணி” என்றார். சரியாக அரை மணி கழித்துப் பார்த்தேன், கறி கரண்டியிலேயே உடைந்தது. சூடான சோள ரொட்டியோடு மூன்று பேரும் சாப்பிட்டோம். வழக்கம்போல மிச்சம் நிறைய. மூலை வீட்டில் புதிதாக ஒரு சின்னக் குடும்பம் வந்திருக்கிறது. கைக்குழந்தை, அந்தப் பெண் பகலெல்லாம் தனியாக இருக்கிறாள். அந்த அம்மாவின் இரும்புச் சட்டியிலேயே எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் நாலாவது வியாழன் நன்றி தெரிவிக்கும் நாள், பல்கலைக்கழகத்துக்கு விடுமுறை. விடுதியில் யாரும் இருக்க மாட்டார்கள். சின்னவளை இங்கே அனுப்பிவிடு. சின்சினாட்டியிலிருந்து இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணம்தான், நிறுத்தத்துக்கு இவர் போய்க் கூட்டிவந்துவிடுவார். அறைத் தோழி யாராவது ஊருக்குப் போகாமல் இருந்தால் அவளையும் அழைத்து வரட்டும், சட்டி பெரியது. வற்றலை வறுக்கும்போது அந்த அம்மாவின் பக்கத்தில் அவளை நிற்க வைக்கிறேன்.

அண்ணாச்சியைக் கேட்டதாகச் சொல். கற்பூரவல்லி இன்னும் கொல்லையில் இருக்கிறதா என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழி

பி.கு.: ராஜ்மா விஷயத்தை மறக்காமல் இன்றைக்கே சொல்லிவிடு. இந்த வாரம் அங்கேயும் குளிர் இறங்கியிருக்கிறது, அவள் ஏதாவது செய்ய ஆரம்பித்திருப்பாள்.