காணிக்கையை நிறுத்து, போய்க் கையை நீட்டு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. ஸ்தோத்திரம். நீ அனுப்பிய பணத்தைக் கோயிலில் கட்டிவிட்டேன். பொருளாளர் ரசீதுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, "என்ன காணிக்கைன்னு போடட்டும்மா, பிறந்தநாளா, ஸ்தோத்திரக் காணிக்கையா?" என்று கேட்டார். எனக்கு வாயே வரவில்லை. அது எதற்கான பணம் என்று எனக்குத் தெரியும். கூட்டாளியை ஏமாற்றிய விஷயத்துக்கு மாசாமாசம் நீ ஆண்டவருக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறாய். போதாததற்கு, அங்கே சபையில் அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்து ஆரம்பித்ததும் எழுந்து வெளியே போய்விடுகிறேன், எனக்குத் தகுதியில்லை என்று போனில் சொல்கிறாய்.

நீ செய்தது தப்புதான் தம்பி. ஊர் உலகத்தில் நடக்காததா என்று சொல்லி உன்னைத் தேற்ற மாட்டேன். அவன் பங்கு போன பிறகு அவன் பெண்டாட்டி செயின் அடகுக்குப் போய் மூழ்கிவிட்டது. இப்போது மஞ்சள் கயிற்றோடுதான் கோயிலுக்கு வருகிறாள். இதை மறைத்து எழுதினால் நான் உனக்கு நல்லது செய்ததாக ஆகாது.

ஆனால் அதற்கு நீ பிடித்திருக்கிற வழி சரியில்லை. நாம் லுத்தரன் சபை. அந்த மார்ட்டின் லூத்தர் பட்ட பாடு உனக்கு ஞாயிறு பள்ளியிலேயே தெரியும். 1505இல் ஜெர்மனியில் எர்ஃபர்ட் என்கிற ஊரில் துறவி மடத்தில் சேர்ந்தவர், உபவாசம், கண்விழிப்பு, மணிக்கணக்காகப் பாவ அறிக்கை என்று உடம்பை வருத்திக்கொண்டார், எவ்வளவு செய்தும் இது போதுமா என்கிற பயம் மட்டும் போகவில்லை. பவுல் எழுதிய ரோமர் நிருபத்தோடு மல்லுக்கட்டியபோதுதான் பிடிபட்டது: தேவன் நம்மிடம் எதிர்பார்க்கிற நீதியைக் கிறிஸ்துவின் நிமித்தம் அவரே நமக்குக் கொடுக்கிறார், நாம் விசுவாசித்து வாங்கிக்கொள்கிறோம், அவ்வளவுதான். 1706இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கி நம் ஜனங்களுக்குச் சொன்னதும் இதைத்தான். நீ என்னடாவென்றால் திரும்ப எர்ஃபர்ட் மடத்துக்கே போய் உட்கார்ந்திருக்கிறாய்.

ரோமர் 4ஐ எடுத்துப் படி. வேலை செய்தவனுக்கு வருவது கூலி, அதைக் கிருபை என்று சொல்ல முடியாது என்கிறார் பவுல். தேவன் நீதிமானாக்குவது யாரை? பாவியை. திருந்தி முடித்தவனை என்று அங்கே போட்டிருக்கவில்லை, நன்றாகப் பார். அடுத்த அதிகாரம் 17ஆம் வசனத்தில் "நீதியாகிய ஈவு" என்றே வருகிறது. ஈவு என்றால் சும்மா கொடுப்பது, அதற்குத் தவணை கட்டுவார்களா?

அப்படியானால் அவனுக்குப் பணம் கொடுக்க வேண்டாமா என்று கேட்பாய். கட்டாயம் கொடுக்க வேண்டும். வரி வசூலிக்கிற சகேயுவும், அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான், ஆனால் எப்போது சொன்னான் என்று பார். அவன் ஏறி உட்கார்ந்திருந்த மரத்தடியில் நின்று இயேசு கணக்குக் கேட்கவில்லை, இறங்கி வா, இன்றைக்கு உன் வீட்டில் தங்க வேண்டும் என்றார், ஊரே முறுமுறுத்தும் அவர் போனார், அதற்கு அப்புறம்தான் அவன் கை திறந்தது. நீ அவனுக்குக் கொடுக்கப் போவதும் இப்படி இருக்க வேண்டும். அது அவன் பணம், அவன் வீட்டில் கஷ்டம், அதனால் கொடு. பரலோகத்தில் உன் பேரில் வரவு வைப்பார்கள் என்று நினைத்துக் கொடுக்காதே, அந்தக் கணக்கைச் சிலுவையில் அவர் தீர்த்தாகிவிட்டது.

சகோதரனுக்கு உன்மேல் குறை இருந்தால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்று ஆண்டவர் சொல்லியிருக்கிறார். அதனால் இனிமேல் கோயிலுக்கு என்று எனக்கு அனுப்பாதே, கோயில் சுவர் பூசுவது கொஞ்சம் தள்ளிப்போகட்டும், போதகர் ஐயரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் திருவிருந்தை மட்டும் தள்ளிப்போடாதே. காணிக்கை நாம் கொடுப்பது, திருவிருந்து அவர் கொடுப்பது. "பாவமன்னிப்புக்காக" என்று சொல்லித்தானே கையில் வைக்கிறார்கள், பாவி எழுந்து வெளியே போய்விட்டால் அதை யாருக்குக் கொடுப்பது?

இந்த ஞாயிறு போ. அப்புறம் அவனுக்கு நீயே போன் போடு, நம்பர் மாறவில்லை. ராத்திரி எட்டரைக்கு மேல் கூப்பிட்டால் கடையிலிருந்து வந்திருப்பான்.

ஜெபத்துடன்,
அம்மா